கழுவிக் கழுவிப் பட்டினி போட்ட பாசி: கடலூர் கடற்கரை இறால் பொரிப்பகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே கடலோரமாக உள்ள ஒரு இறால் பொரிப்பகத்தில் நடந்தது இது. பெயரும் ஊரும் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் உரிமையாளர் தொட்டிப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். வனாமி இறாலின் நாப்ளியை, அதாவது முட்டையிலிருந்து வந்த முதல் பருவக் குஞ்சை வாங்கி, வளர்த்து, பி.எல். (போஸ்ட்-லார்வா) என்ற கடைசிக் குஞ்சுப் பருவத்தில் பண்ணைக்காரர்களுக்கு விற்பது அவர்கள் தொழில். தை பிறந்து ஆர்டர்கள் குவியத் தொடங்கிய நேரத்தில் அவர்களுடைய பாசிப் பிரிவு படுத்துவிட்டது.

"தலாசியோ நிக்கவே மாட்டேங்குது மேடம். கேன்ல போட்டா மொதல்ல ஏறுது, அப்புறம் அப்படியே உக்காந்துடுது" என்றார் பாசிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். இனி அவரைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன்; நான் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

தலாசியோ என்று பொரிப்பகங்களில் சுருக்கமாகச் சொல்வது தலாசியோசைரா என்ற டயட்டத்தை, அதாவது ஒரு வகை நுண்பாசியை. ஒற்றைச் செல், சிலிக்காவாலான கண்ணாடி ஓடு, உள்ளே பழுப்பு நிறப் பசுங்கணிகம். பூமியில் நடக்கும் மொத்த ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயட்டங்களுடையது. பொரிப்பகத்துக்கு இந்தப் பெருமையெல்லாம் தேவையில்லை. நாப்ளி பருவத்தில் இறாலுக்குச் சாப்பாடு வேண்டாம், தன் மஞ்சள் கருவிலேயே ஓட்டிவிடும். அது அடுத்த குஞ்சுப் பருவமான ஸோயாவாக மாறியதும் தண்ணீரில் டயட்டம் இருந்தே ஆக வேண்டும். பீக்கரில் அள்ளி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், வயிறு நிறைந்த ஸோயா பின்னால் நீளமான மலக்கயிறு ஒன்றை இழுத்துக்கொண்டு நீந்தும். நான் போனபோது பெரும்பாலான ஸோயாக்களிடம் அந்தக் கயிறு இல்லை. ஒரு தொட்டியை ஏற்கெனவே கொட்டிவிட்டிருந்தார்கள்.

பதிவேட்டில் இருந்தது

எல்லாப் பொரிப்பகத்திலும் போலத்தான் இங்கேயும். பாசியின் ஸ்டாக் சோதனைக் குழாயில் குளிர் அறையில் இருக்கும். அங்கிருந்து கூம்புக் குடுவை, குடுவையிலிருந்து 20 லிட்டர் கேன், கேனிலிருந்து உள்ளே இருக்கும் ஒரு டன் தொட்டி, கடைசியில் வெயிலில் இருக்கும் பெரிய தொட்டிகள். ஒவ்வொரு கட்டத்திலும் பழைய வளர்ப்பில் கொஞ்சத்தை எடுத்துப் புதுத் தண்ணீரில் விடுவார்கள். நன்றாக வளர்ந்த கேன் டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிடும். இப்போது இருந்தவை வெளிறிய மஞ்சள்.

பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் கார்த்திகையில் ஒரு திருப்பம் தெரிந்தது. விப்ரியோ பாக்டீரியாவைக் கண்டறியும் டி.சி.பி.எஸ். தட்டில் பச்சைக் காலனிகள் வந்ததைப் பார்த்து, இறால் குஞ்சுக்கு நோய் தரும் அந்த விப்ரியோ மேல் பயம் பிடித்திருக்கிறது. அதற்குப் பிறகு பிளீச்சிங் பவுடர் அளவு கூடியது, வடிகட்டி நுண்ணியதாக மாறியது, புற ஊதா விளக்கு வந்தது. ஸ்டாக் குடுவைகளுக்கு மட்டும் ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முன்பு கொதிக்க வைத்து ஆற்றிய ஊட்டக் கரைசலை இப்போது அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஏற்றினார்கள். விப்ரியோ போய்விட்டது, உண்மைதான். பாசியும் உடனே விழவில்லை. பல முறை மாற்றி மாற்றி வளர்த்த பிறகு, மார்கழிக் கடைசியில்தான் எண்ணிக்கை சரிந்திருக்கிறது. இடையில் கிடந்த அந்த நல்ல வாரங்கள்தான் எல்லோரையும் திசைதிருப்பிவிட்டன. கார்த்திகையில் செய்ததுதான் காரணம் என்றால் கார்த்திகையிலேயே அல்லவா விழுந்திருக்க வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் பின்னால் வருகிறது.

யார் மேல் சந்தேகம்

கடலூர்ப் பக்கம் தண்ணீரில் எது கெட்டாலும் முதல் விரல் தொழிற்பேட்டையை நோக்கித்தான் நீளும். இங்கும் அப்படித்தான். ஆனால் கடல் நீரில் விஷம் கலந்திருந்தால் அதே தண்ணீரை வாங்கும் வெளித் தொட்டிகளும் விழுந்திருக்கும். அவை விழவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தச் சந்தேகத்தை ஓரமாக வைத்தேன்.

வடகிழக்குப் பருவமழையில் கெடிலமும் வெள்ளாறும் கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் உப்பு குறைந்திருக்குமோ என்றார்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தோம். குறைவுதான், ஆனால் இந்த டயட்டம் கழிமுகத்திலும் வாழக்கூடியது, அதற்கெல்லாம் அசராது. மிச்சக் குளோரினா? குளோரின் இருந்தால் மஞ்சளாகும் ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டால் மஞ்சள் எழவில்லை. குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட் தன் வேலையைச் செய்திருந்தது.

அடுத்தது சிலிக்கா. அனுபவம் உள்ளவர்கள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள், சொல்லக் காரணமும் உண்டு. டயட்டம் பிரியும்போது ஒவ்வொரு மகள் செல்லும் ஓட்டின் ஒரு பாதியைப் புதிதாகக் கட்ட வேண்டும். கரைந்த சிலிசிக் அமிலத்தை உள்ளே இழுக்கும் புரதங்களை 1997இல் அடையாளம் கண்டார்கள். சிலிக்கா தீர்ந்தால் செல் பிரியாமல் அப்படியே காத்துக் கிடக்கும். ஆனால் மழைக்காலத்து ஆற்று நீரில் சிலிக்கேட்டுக்குப் பஞ்சம் கிடையாது, போதாக்குறைக்கு இவர்கள் சோடியம் சிலிக்கேட்டும் போடுகிறார்கள். நைட்ரேட் தீர்ந்துபோயிருந்தால் செல்லுக்குள் எண்ணெய்த் துளிகள் திரண்டு நிற்கும். நுண்ணோக்கியில் அப்படி எதுவும் தென்படவில்லை.

தென்பட்டது வேறு. தம்பியின் கைப்பேசியில் போன வருடத்துப் படங்கள் இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டால் இப்போதைய செல்கள் பெருத்திருந்தன. வெளிறி, பெருத்து, பிரியாமல் நின்றன. பட்டினியில் இருப்பது ஏன் பெருக்க வேண்டும்?

வெளித் தொட்டி

தொட்டி கழுவும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"வெளித் தொட்டி நல்லாத்தாம்மா இருக்கு. உள்ள கண்ணாடி மாதிரி தொடச்சு வெச்சதுதான் சீக்கு. அழுக்குல போட்டா வருது."

வெயில்தான் காரணம் என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். அதைச் சோதிப்பதற்குச் செலவே இல்லை. உள்ளே தேங்கிப்போன ஒரே வளர்ப்பை இரண்டு கேன்களில் பிரித்து, இரண்டையும் வெளியே ஒரே வெயிலில் வைத்தோம். ஒன்று நுண்வடிகட்டி வழியாகக் காற்று போகும்படி மூடியது. மற்றது வாய் திறந்தது. மூடிய கேன் மஞ்சளாகவே நின்றது. திறந்த கேன் கொஞ்சம் தாமதித்து, பிறகு பழுப்பாக ஏறியது. வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான். திறந்த கேனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது கடற்காற்றும், அதில் வரும் திவலைகளும், திவலையில் வரும் பாக்டீரியாவும்.

இந்தக் கட்டத்தில் எனக்கு மரபணுத்தொகுதி நினைவுக்கு வந்துவிட்டது. டயட்டங்களில் முதன்முதலாக முழு மரபணுத்தொகுதி படிக்கப்பட்டதே ஒரு தலாசியோசைராதான்: தலாசியோசைரா சூடோனானா. 2004இல் வர்ஜீனியா ஆம்பிரஸ்ட் தலைமையிலான குழு அதை வெளியிட்டது. சுமார் 3.4 கோடி எழுத்துகள், 24 குரோமோசோம்கள், சுமார் 11,000 மரபணுக்கள். விலங்குகளுக்கு உரியது என்று நினைத்திருந்த யூரியா சுழற்சி அதில் இருந்ததுதான் அப்போது பெரிய பேச்சாக இருந்தது. எங்கள் வழக்குக்கு வேண்டியது அதில் இல்லாத ஒன்று.

எந்தச் செல்லுக்கும் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் வேண்டும். அதன் கடைசிப் படியைச் செய்ய இயற்கையில் இரண்டு நொதிகள் உண்டு. மெட்-எச் என்ற நொதிக்கு வைட்டமின் பி12 இருந்தால்தான் கை ஓடும். மெட்-ஈ பி12 இல்லாமலே செய்யும், ஆனால் மெதுவாக. 2008இல் படிக்கப்பட்ட ஃபியோடாக்டைலம் என்ற டயட்டத்திடம் இரண்டும் இருக்கின்றன. பி12 கிடைத்தால் ஒன்று, கிடைக்காவிட்டால் மற்றது. சூடோனானாவிடம் மெட்-எச் மட்டும்தான். பி12ஐத் தானே தயாரிக்க எந்தப் பாசிக்கும் தெரியாது. பாசிக்கு மட்டுமல்ல, செடிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. சுமார் 30 நொதிப் படிகள் கொண்ட அந்த வேலை பாக்டீரியாவுக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களுக்கும் மட்டுமே கைவந்தது. ஆராய்ந்து பார்த்த பாசி இனங்களில் பாதிக்கு வெளியிலிருந்து பி12 தேவைப்படுகிறது என்று 2005இல் ஒரு பிரிட்டன் குழு காட்டியது.

செல் பெருத்ததற்கும் இதிலேயே விடை இருக்கிறது. மெட்-எச் நின்றுபோனால் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் ஒரு வடிவத்திலேயே சிக்கிக்கொள்ளும், டி.என்.ஏ. கட்டத் தேவையான பொருள் தட்டுப்படும். செல் வளரும், பிரியாது. பி12 குறைந்த மனிதருக்கு ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் பெரிதாகத் தெரிவது இதே வழியில்தான். டயட்டத்திலும் அப்படித்தான் நடக்கிறது என்பது வலுவான கருதுகோள். நுண்ணோக்கியில் நான் பார்த்தது அதோடு பொருந்தியது.

குடுவைச் சோதனை

கருதுகோளை வைத்துக்கொண்டு ஸோயாவுக்குச் சாப்பாடு போட முடியாது. பொரிப்பகத்திலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை போட்டோம். தேங்கிப்போன வளர்ப்பைக் குடுவைகளில் பிரித்தோம். எல்லாவற்றுக்கும் அவர்கள் வழக்கமான ஊட்டக் கரைசல், கூடவே ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சேர்க்கை: சிலிக்கேட், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும், இரும்பு முதலான நுண் உலோகங்கள், புதிய பி12, ஸ்பைருலினா பொடியின் சாறு, சில சொட்டு வடிகட்டாத கடல் நீர். எதுவும் சேர்க்காத குடுவை ஒன்று. தம்பி ஹீமோசைட்டோமீட்டரில் தினமும் எண்ணினார். எந்தக் குடுவையில் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்லவில்லை, எண் மட்டும் ஒட்டியிருந்தது. நம்பிக்கை இல்லாமல் அல்ல. மங்கலான கட்டத்தில் இருக்கும் செல்லை எண்ணுவதா விடுவதா என்று முடிவெடுக்கும்போது எவர் கையும் தன் விருப்பத்தின் பக்கம் சாயும்.

பி12 எங்கே வாங்குவது என்று கேட்டார்கள். மெடிக்கல் ஷாப்பில். எஃப்/2 என்ற ஊட்டக் கரைசலின் கணக்குப்படி லிட்டருக்கு அரை மைக்ரோகிராம். ஒரு டன் தொட்டிக்கு 500 மைக்ரோகிராம், அதாவது நரம்புத் தளர்ச்சிக்குப் போடும் சின்ன ஊசி மருந்து ஒன்று போதும். உரிமையாளர் இதைக் கேட்டுச் சிரித்தார், பிறகு கொட்டிய தொட்டியை நினைத்துச் சிரிப்பை நிறுத்தினார்.

பி12 குடுவை எழுந்தது. மறுக்க இடமில்லாமல் எழுந்தது. சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் உலோகமும் போட்டவை சேர்க்கை இல்லாத குடுவையோடு சேர்ந்தே கிடந்தன. கடல் நீர்ச் சொட்டு விட்டது பி12 குடுவைக்கு வெகுவாகப் பின்தங்கி, ஆனால் எழுந்தது. அதிலிருந்த பாக்டீரியா முதலில் பெருக வேண்டுமே. ஸ்பைருலினா யோசனை தம்பியுடையது. கடையில் அதன் டப்பாவில் பி12 என்று போட்டிருக்கிறது என்றார். போட்டிருப்பார்கள். ஸ்பைருலினா போன்ற சயனோபாக்டீரியா தயாரிப்பதில் பெரும்பகுதி போலி பி12. மூலக்கூறின் அடிப்பகுதியில் ஒரு துண்டு மாறியிருக்கும். மனித உடலுக்கும் பல பாசிகளுக்கும் அது உதவாது. அந்தக் குடுவை பெரிதாக ஏறவில்லை. டப்பாவை நம்பிச் சைவ உணவுக்காரர்கள் ஏமாறுவது தனிக் கதை.

அவர்கள் ஊட்டத்தில் வைட்டமின் இல்லாமல் இல்லை. அதுதான் வேடிக்கை. பல பி வைட்டமின்கள் கலந்த திரவ மருந்து ஒன்றை ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். நிறமில்லாத பாட்டிலில், ஜன்னல் ஓரத்தில், மாதக் கணக்கில். பி12 வெளிச்சத்தில் சிதையும். தயமினோடு ஒரே கரைசலில் நாள்பட இருந்தாலும் சிதையும். அதற்கு மேல் ஆட்டோகிளேவ் வேறு. பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று கருவி வைத்து அளக்கவில்லை, அதற்கு ஆகும் செலவுக்குப் பொரிப்பகம் தயாராக இல்லை. ஆனால் பாசியே நல்ல அளவுகோல். பழைய பாட்டிலிலிருந்து ஒரு குடுவைக்கும், அதே மருந்தைப் புதிதாக வாங்கி இன்னொரு குடுவைக்கும் விட்டோம். புதியது எழுப்பியது, பழையது எழுப்பவில்லை. கடல் நீரில் இருக்கும் பி12ஐ அளக்க 1960களில் இதே டயட்டத்தைத்தான் பயன்படுத்தினார்கள். அப்போது அதன் பெயர் சைக்ளோடெல்லா நானா. எஃப்/2க்கு மூலமான எஃப் ஊட்டக் கரைசலை கில்லார்டும் ரைத்தரும் 1962இல் வெளியிட்ட ஆய்வே அந்த டயட்டத்தைப் பற்றியதுதான். உலகத்துப் பொரிப்பகங்கள் பலவும் பின்பற்றும் செய்முறையில் பி12 வரி இருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

கார்த்திகைக் கேள்வி

அப்படியானால் பாட்டில் எப்போதோ செத்துப்போயிருக்க வேண்டும். அதுவரை பாசி எப்படி வாழ்ந்தது? குடுவைக்குள் இருந்த பாக்டீரியா தயவில். ரோசியோபாக்டர் கூட்டத்தைச் சேர்ந்த ருஜீரியா என்ற கடல் பாக்டீரியாவையும் சூடோனானாவையும் சேர்த்து வளர்த்து 2015இல் ஒரு அமெரிக்கக் குழு பார்த்தது. பாக்டீரியா பி12 கொடுக்கிறது. பதிலுக்கு டயட்டம் டி.எச்.பி.எஸ். என்ற கந்தகமுள்ள கார்பன் பொருளைக் கசியவிடுகிறது, பாக்டீரியா அதைத் தின்கிறது. இந்தப் பண்டமாற்று கடலில் எங்கும் நடப்பது. கடல் நீரில் கரைந்திருக்கும் பி12 மிகமிகக் குறைவு, பிகோமோலார் கணக்கில்தான். அண்டார்டிகாவின் ராஸ் கடலில் இரும்போடு பி12ஐயும் சேர்த்தபோது பாசி வளர்ச்சி கூடியதை 2007இல் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே நடந்ததும் கடலூர்க் கேனில் நடந்ததும் ஒரே பற்றாக்குறைதான்.

கார்த்திகையில் ஆன்டிபயாட்டிக் அந்தக் கொடுப்பவர்களை அழித்தது. பிளீச்சும் வடிகட்டியும் புதியவர்கள் வரும் வழியை அடைத்தன. ஆனாலும் செல்லுக்குள் சேமிப்பு இருந்தது, தண்ணீரில் மிச்சம் இருந்தது. பத்தில் ஒரு பங்கு எடுத்துப் புதுத் தண்ணீரில் விட்டால் அந்த மிச்சம் பத்தில் ஒன்றாகும். இன்னொரு முறை மாற்றினால் நூறில் ஒன்று. அடுத்த முறை ஆயிரத்தில் ஒன்று. கார்த்திகையில் வெட்டிய வேர் மார்கழியில் வாடியது இப்படித்தான். உரிமையாளர் இந்தக் கணக்கைத் தன் கைப்பேசியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

டி.என்.ஏ. சோதனை இதற்குப் பிறகுதான், அதுவும் என் வற்புறுத்தலில். இனத்தை அடையாளம் காட்டும் ஆர்.பி.சி.எல். என்ற டயட்ட மரபணுவை வெளி ஆய்வகத்தில் படிக்கச் சொன்னோம். தம்பி இதுவரை வைஸ்ஃப்ளோகி (தலாசியோசைராவின் இன்னொரு இனம்) என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தது சூடோனானா என்று வந்தது. செல் அளவைப் பார்த்தே எனக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. வைஸ்ஃப்ளோகி இதைவிட நன்றாகப் பெரியது. எந்தப் பாக்டீரியா இருக்கிறது என்று காட்டும் 16எஸ் மரபணு வரிசையையும் பார்த்தோம். ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்பு பரங்கிப்பேட்டையில் கடலுயிரியல் படிக்கும் ஒரு மாணவி இவர்களிடமிருந்து ஸ்டாக் வாங்கிப் போயிருந்தார், நல்லவேளையாக அது உயிரோடு இருந்தது. அதில் ரோசியோபாக்டர் கூட்டம் நிறைய. பொரிப்பகத்துக் குடுவையில் அந்தக் கூட்டமே காணோம். மெட்-ஈ மரபணு இந்த ஸ்டாக்கில் இல்லையா என்று பி.சி.ஆர். (மரபணுத் துண்டைப் பெருக்கிப் பட்டையாகக் காட்டும் சோதனை) போட்டுப் பார்க்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். பட்டை வரவில்லை என்றால் மரபணு இல்லை என்றும் அர்த்தம், அதைத் தேடப் போடும் சிறு டி.என்.ஏ. துண்டான பிரைமர் பொருந்தவில்லை என்றும் அர்த்தம். அந்தப் பணத்துக்கு ஒரு வருட ஊசி மருந்து வாங்கலாம். விட்டுவிட்டோம்.

இப்போது நடப்பது

பி12ஐத் தனிக் கரைசலாக, 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அலுமினியத் தாள் சுற்றி ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். ஆட்டோகிளேவ் ஆன ஊட்டம் ஆறிய பிறகுதான் அதைச் சேர்க்கிறார்கள். ஸ்டாக்குக்கு ஆன்டிபயாட்டிக் நிறுத்தப்பட்டது. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். பாசி போகட்டும், எதிர்ப்புத் திறன் கொண்ட பாக்டீரியாவை வளர்த்துக் கடலில் விட எந்தப் பொரிப்பகத்துக்கும் உரிமை இல்லை. கேன்கள் பழுப்புக்குத் திரும்பின. அடுத்து வந்த ஸோயாத் தொகுதி கயிற்றோடு நீந்தியது.

முடியாத விவாதம் ஒன்று இருக்கிறது. பாக்டீரியாதான் பி12 கொடுக்கும் என்றால் மாணவியிடமிருந்து பழைய ஸ்டாக்கை வாங்கி அதையே ஓட்டலாமே, மருந்துச் செலவும் மிச்சம் என்கிறார் தம்பி. விப்ரியோவை விரட்டப் பட்ட பாடு போதும், எந்தப் பாக்டீரியாவும் உள்ளே வரக் கூடாது என்கிறார் உரிமையாளர். நான் நடுவில் நிற்கவில்லை, உரிமையாளர் பக்கம்தான் சாய்கிறேன், வேறு காரணத்துக்காக. பாக்டீரியா எவ்வளவு கொடுக்கும் என்பது வெயில், வெப்பம், டயட்டம் கசியவிடும் சாப்பாடு எல்லாவற்றையும் பொறுத்தது. தொழிலுக்கு வேண்டியது எண்ணி ஊற்றக்கூடிய பி12. பழைய ஸ்டாக்கை இரண்டாவது காப்பாகத் தனி அலமாரியில் வைத்திருங்கள் என்றேன், வைத்திருக்கிறார்கள்.

இதற்குள் செய்தி கசிந்து, தீவன விற்பனைப் பிரதிநிதி ஒருவர் பி12 சுரக்கும் புரோபயாடிக் என்று ஒரு பாக்கெட்டோடு வந்துவிட்டார். உள்ளே இருக்கும் பாக்டீரியா எது, அதன் மரபணுத்தொகுதி படிக்கப்பட்டிருக்கிறதா, பி12 வழித்தடத்தின் மரபணுக்கள் முழுதாக இருக்கின்றனவா, சுரப்பது உண்மையான பி12தானா போலியா என்று நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். கம்பெனியில் கேட்டு அனுப்புவதாகச் சொல்லிப் போனார். பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்திருக்கிறோம். பதில் வராவிட்டால், அதையும் ஒரு குடுவையில் போட்டுப் பார்க்கத் தம்பி ஆசைப்படுகிறார்.